அருவருப்பும் அறவுணர்வும்



சென்ற பாடங்களில் பஞ்ச சீலங்களின் பொருளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தோம். சீலத்தைக் காப்பது மனம். ஆதலால் இப்பாடத்தில் மனத்தையே ஆராயப் புகுகின்றோம். ஒரு செயலைக் கண்டவுடன் "இது தகாது" என்று நம் உள்ளே ஒரு குரல் எழுகின்றது. அதனை மனச்சான்று என்று நம்பி நடக்கின்றோம். அவ்வாறு எழும் குரல்கள் யாவும் மனச்சான்றின் குரல்தாமா? வேறொன்று மனச்சான்றின் பெயரால் பேசுவதும் உண்டா? இதுவே இன்றைய வினா. இதனை ஏட்டிலிருந்து தொடங்காமல், நம்மிடத்தே நிகழ்ந்த ஒரு குற்றத்திலிருந்து தொடங்குகின்றோம்.

1. ஒரு தம்ளர் நீர்

பெங்களூரில் ஒரு பஞ்சாலையின் நூற்புப் பிரிவில் பல ஆண்டுகள் உழைத்தோம். ஆலை மூடப்பட்டபின் தம்மத்தைப் படிக்கவும், படித்ததை நம்மவர்க்கு எடுத்துச் சொல்லவும் தலைப்பட்டோம். திரிசரணம் ஏற்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்த சமயம், நகரசுத்தித் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றிலிருந்து ஒரு குடும்பத்தார் நம்மை அழைத்தனர். சென்றோம். திரிசரணமும் பஞ்ச சீலமும் சொல்லிக் கொடுத்தோம். பிறப்பினால் எவரும் தாழ்ந்தவரல்லர் என்று ஒரு மணி நேரம் பேசினோம். வெயிற்காலமாதலின் பேசி முடித்தபோது நா வறண்டுவிட்டது. அவ்வீட்டு மூதாட்டியார் ஒரு தம்ளரில் நீர் கொண்டுவந்து நீட்டினார்.

நம் கை எழவில்லை. அந்நீர் தெளிந்த நீர். அத்தம்ளர் நன்கு துலக்கிய தம்ளர். ஆயினும் அடிவயிற்றில் ஒரு குமட்டல் தோன்றிற்று. "தாகமில்லை, அம்மா" என்றோம். அவர் சற்று நேரம் நம் முகத்தைப் பார்த்தார். பிறகு, "ஐயா, இது புதுத் தம்ளருங்க; நாங்க யாரும் இன்னும் இதில் வாய் வைக்கலை" என்றார்.

அன்பர்களே, நாமும் தீண்டாமையின் கொடுமையை அறிந்த குடியில் பிறந்தவரே. நம் தந்தையார் தம் சிற்றூரில் தேநீர்க் கடையின் வெளியே நின்று, தமக்கெனத் தொங்கவிட்டிருந்த தனிக் குவளையில் தேநீர் வாங்கிப் பருகியவர். அவருடைய மகனாகிய நாம் அன்று அவ்வீட்டு நீரை மறுத்தோம். மறுத்ததோடு நில்லாமல் தாகமில்லை என்று பொய்யும் சொன்னோம். பொய்யாமை என்னும் சீலத்தை அவ்வம்மையாருக்குச் சொல்லிக் கொடுத்துச் சற்று நேரமே ஆகியிருந்தது.

சாதி என்பது மேல், கீழ் என்னும் இரண்டே தட்டுகளாக நிற்பதன்று, ஏணிப்படிகள்போல் அடுக்கப்பட்டது, ஒவ்வொரு படியில் நிற்பவனுக்கும் தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்னும் ஆறுதலைத் தருவது. இதனைப் பாபாசாகேப் அம்பேத்கர் படிநிலைச் சமமின்மை என்று விளக்கினார். அவர் எழுதியதைப் பலமுறை படித்திருந்தோம்; மேடையிலும் பேசியிருந்தோம். கொள்கை அறிவில் இருந்தது. ஏணி வயிற்றில் இருந்தது. இவ்வாறு அறிவும் உடலும் வேறுவேறு வழியே செல்வது எதனால்?

2. அருவருப்பு எத்தகையது?

கெட்டுப்போன உணவையும் மலத்தையும் பிணத்தையும் கண்டு விலகும் உணர்ச்சிக்கு அருவருப்பு என்று பெயர். நோய் தரும் பொருள்களிலிருந்து உடலைக் காப்பது இதன் தொழில் என்பர் உளநூலார். ஆயின் எதனை அருவருக்க வேண்டும் என்னும் பட்டியலோடு குழந்தை பிறப்பதில்லை. கைக்கெட்டிய எதனையும் வாயிலிடும் குழந்தையை நாமனைவரும் கண்டிருக்கிறோம். அமெரிக்காவில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ரோசின் என்னும் அறிஞரும் அவர்தம் துணைவரும் இதனை முறையாகச் சோதித்து 1986இல் வெளியிட்டனர். நாயின் மலத்தைப்போலத் தோன்றுமாறு செய்த ஓர் உணவை முன்வைத்தபோது, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோர் தயங்காமல் அதனை வாயிலிட்டனர். அருவருப்பின் பட்டியல் வீட்டாரின் முகத்தைப் பார்த்தும், "சீ" என்னும் சொல்லைக் கேட்டும், பையப் பைய எழுதப்படுகின்றது.

அதே ஆண்டில் ரோசின் வெளியிட்ட மற்றொரு சோதனை வளர்ந்தவரைப் பற்றியது. நுண்கிருமி ஒன்றுமில்லாமல் தூய்மைசெய்த இறந்த கரப்பான் பூச்சியைப் பழச்சாற்றில் ஒரு முறை தோய்த்து எடுத்துவிட்டு, அச்சாற்றைக் குடிக்கச் சொன்னார். தீங்கில்லை என்று தெரிந்தும் மக்கள் மறுத்தனர். சர்க்கரை நிரப்பிய இரண்டு புட்டிகளில் ஒன்றன்மேல் நஞ்சின் பெயர் எழுதிய சீட்டை அவர்களையே ஒட்டச் செய்தார். உள்ளே இருப்பது சர்க்கரை என்று கண்ணால் கண்டிருந்தும், அப்புட்டியிலிருந்து எடுத்துக் கரைத்த நீரைப் பருக அவர்கள் தயங்கினர். இதனால் பெறப்படுவது யாது? ஒரு முறை தொட்டது என்றைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதும், பெயரே பொருள் என்பதும் அருவருப்பின் விதிகள். அறிவு "தீங்கில்லை" என்று சொன்ன பின்னரும் அது கேட்பதில்லை. தீட்டு என்று நம் நாட்டார் வழங்குவதும் இவ்விரண்டு விதிகளையன்றி வேறன்று. தம்ளரின்மேல் நாம் கண்டதும் அழுக்கன்று, ஒரு சீட்டேயாம்.

எதனை அருவருப்பது என்பதை ஒருவன் பிறந்து வளர்ந்த பண்பாடு எவ்வளவு தூரம் முடிவு செய்கின்றது என்பதற்கு இரு சான்றுகள் கூறுவோம். உயிரினங்களின் தோற்றத்தை ஆராய்ந்த சார்லஸ் டார்வின், உணர்ச்சிகளைப்பற்றி 1872இல் வெளியிட்ட நூலில் ஒரு நிகழ்ச்சியைக் குறித்துள்ளார். தென் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள தியரா தெல் ஃபூகோ தீவில் அவர் பதப்படுத்திய இறைச்சியை உண்டுகொண்டிருந்தார். அந்நாட்டுப் பழங்குடியான் ஒருவன் அதனை விரலால் தொட்டுப் பார்த்து, அதன் மென்மையைக் கண்டு அருவருத்தான். அவன் கைகள் அழுக்காகத் தோன்றவில்லை. ஆயினும் அவன் தொட்ட உணவைக் கண்டு டார்வினும் அருவருத்தார். ஒரே இறைச்சித் துண்டு இருவருக்கும் குமட்டியது, காரணங்களோ வேறுவேறு.

இரண்டாம் சான்று நம் நாட்டது. 1927 மார்ச்சு 20ஆம் நாள் மகாராட்டிர மாநிலத்து மகாட் நகரில், பாபாசாகேப் தம் மக்களுடன் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகினார். குளம் தீட்டாகிவிட்டதென்று கூறிய சாதி இந்துக்கள், அதனைத் தூய்மை செய்வதற்காகச் சாணம், கோமியம், பால், தயிர் கலந்த 108 குடங்களை அதில் கொட்டினர். குடிநீரில் சாணத்தைக் கலப்பது தூய்மை. மனிதன் ஒரு கை நீர் அள்ளுவது அழுக்கு! பண்பாடு பயிற்றிவிட்டால் மூக்கும் நாவும் இவ்வளவுக்கும் இணங்கும்.

3. ஆலையில் ஒரு சான்று

அருவருப்பு வெறும் உணர்ச்சியாக நில்லாது பிறர் வயிற்றில் அடிக்கும் கருவியாவதற்கு நம் தொழிலிலேயே ஒரு சான்று உண்டு. பழைய தறிகளில் நாடாவிலுள்ள ஊடைநூல் தீர்ந்ததும், நெசவாளர் நூல் சுற்றிய புதுக் குழலை அதனுள் பொருத்துவார். பின்பு நாடாவின் சிறு துளையில் வாய் வைத்து உறிஞ்சி, நூலின் நுனியை வெளியே இழுப்பார். ஒரே நாடாவில் பலர் வாய் வைக்க நேரும். நாம் ஆலையில் சேர்ந்த காலத்தில் அவ்வழக்கம் மறைந்துவிட்டது. முதிய நெசவாளர் சொல்லக் கேட்டிருக்கிறோம். பம்பாய் ஆலைகளில் இதனையே காரணங்காட்டி, தீண்டப்படாதார் எனப்பட்டோரை நெசவுப் பிரிவில் சேர்க்கலாகாது என்று சாதி இந்துத் தொழிலாளர் தடுத்துவந்தனர். நெசவிலேதான் கூலி மிகுதி. 1928இல் பம்பாயில் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தின்போது பாபாசாகேப் இத்தடையை வெளிப்படையாக எடுத்துரைத்து, நெசவுப் பிரிவு நம்மவர்க்கும் திறக்கப்பட வேண்டும் என்று வற்புறுத்தினார்.

வாயால் உறிஞ்சும் வழக்கம் உண்மையிலேயே தீது. இங்கிலாந்தின் ஆலைகளிலும் அது நெடுங்காலம் இருந்தது; நோய் பரவும் என்ற அச்சத்தால் 1952இல் அங்கு விதி வகுத்து விலக்கினர். வேறுபாட்டை உற்று நோக்குங்கள். எவருடைய எச்சிலும் நோய் தரக்கூடும், ஆதலால் ஒருவரும் உறிஞ்ச வேண்டா என்பது சுகாதாரம். எச்சிலில் குற்றமில்லை, இன்னாருடைய எச்சிலில்தான் குற்றம் என்பது சாதி. முன்னது நாடாவை மாற்றிற்று. பின்னது மனிதனை வெளியே நிறுத்திற்று. சாதியாருடைய வாயில் எழுந்த கூச்சத்துக்கு விலை கொடுத்தவன் அவனல்லன். கூலி குறைந்த பிரிவிலே காலங்கழித்த தொழிலாளியும், அவன் மனைவி மக்களுமே அவ்விலையைக் கொடுத்தனர்.

4. புவனேசுவரத்தில் கேட்ட வினாக்கள்

இனி அருவருப்பு அறத்தின் இருக்கையில் அமர்வதைக் காண்போம். ரிச்சர்டு ஷ்வேடர் என்னும் அமெரிக்க அறிஞரும் அவர் துணைவரும் ஒரிசாவின் புவனேசுவரத்திலும், அமெரிக்காவின் சிக்காகோ நகரிலும் சிறுவரிடமும் பெரியோரிடமும் 39 நிகழ்ச்சிகளைக் கூறி, இவற்றுள் எவை குற்றம், எவ்வளவு குற்றம் என்று கேட்டனர். முடிவுகள் 1987இல் வெளிவந்தன. அவற்றுள் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

தந்தை இறந்த மறுநாள் மூத்த மகன் முடிவெட்டிக்கொண்டு கோழிக்கறி உண்டான் என்பது ஒன்று. புவனேசுவரத்துப் பார்ப்பனர் இதனை மிகக் கொடிய குற்றங்களின் வரிசையில் வைத்தனர். சிக்காகோ மக்கள் இதில் குற்றமே காணவில்லை. தன் சொல்லை மீறித் திரைப்படத்துக்குச் சென்ற மனைவியைக் கணவன் உடல் கன்றும்படி அடித்தான் என்பது மற்றொன்று. சிக்காகோவில் இது பெருங்குற்றம். புவனேசுவரத்தாரில் பலர்க்கு இது குற்றமாகத் தோன்றவில்லை.

புவனேசுவரத்தார் அறமற்றவர் என்று ஷ்வேடர் கூறவில்லை. தூய்மையையும் குடும்ப ஒழுங்கையும் அவர்கள் அறத்தின் உறுப்புகளாகவே கொள்கின்றனர் என்றார். அதனை நாமும் ஒப்புகின்றோம். இறந்த தந்தைக்கு மகன் காட்டும் மதிப்பை இகழ்வது நம் நோக்கமன்று. ஆயினும் ஒன்று கேட்போம். மகன் முடிவெட்டிக்கொண்டதால் எவருடைய உடல் நொந்தது? அடிபட்ட மனைவியின் உடலோ கன்றிப்போயிற்று. நொந்தவர் ஒருவர் கண்ணெதிரே இருக்க, அவரைக் காணாமல் கோழிக்கறியை மட்டும் கண்ட கண்ணுக்கு என்ன நேர்ந்தது? அருவருப்பு மிகுந்த இடத்தில் இரக்கத்துக்கு இடமில்லாமற் போவதே நேர்ந்தது. அம்மூதாட்டியார் வீட்டில் நமக்கு நேர்ந்ததும் அதுவே. நம் வயிற்றின் குமட்டலை நாம் கவனித்தோமேயன்றி, அவர் முகத்தைக் கவனிக்கவில்லை.

5. பகவன் காட்டிய நெறி

புத்த பகவன் அருவருப்பு என்னும் உணர்ச்சியை வேரோடு பிடுங்கி எறியச் சொல்லவில்லை. அதன் முகத்தைத் திருப்பிவிட்டார். சுத்த நிபாதத்திலுள்ள ஆமகந்த சுத்தத்தில், நாற்றம் என்பது யாது என்னும் வினா எழுகின்றது. ஊன் உண்பதே நாற்றம் என்று கருதிய பார்ப்பனத் துறவிக்கு விடை கூறப்படுகின்றது: கொலையும் களவும் பொய்யும் வஞ்சகமும் கொடுமையுமே நாற்றம், உணவன்று என்பது அதன் கருத்து. அதே நூலின் வசல சுத்தம், ஒருவன் இழிந்தவனாவது பிறப்பாலன்று, செயலாலேயே என்று விளக்குகின்றது. ஈண்டு அருவருப்பு அழியவில்லை. அடுத்தவன் உடலிலிருந்து நம் செயலுக்கு இடம் மாறுகின்றது.

இதற்கு அட்டகதை நூலார் அழகிய உவமை ஒன்று கூறுவர். ஓர் இரும்புக் கோல். அதன் ஒரு முனையில் மலம் பூசியுள்ளது. மறு முனை பழுக்கக் காய்ந்துள்ளது. அறிவுடையவன் ஒரு முனையை அருவருத்துத் தொடமாட்டான். மறு முனையைச் சுடுமென்று அஞ்சித் தொடமாட்டான். தீச்செயலை அருவருத்து விலகுவது ஹிரி, அதாவது நாணம். அதன் விளைவுக்கு அஞ்சி விலகுவது ஒத்தப்பம், அதாவது பழியச்சம். உலகத்தைக் காப்பன இவ்விரண்டுமே என்பது பகவன் வாக்கு. ஆகவே அருவருக்க வேண்டிய பொருள் உண்டு. அன்று அவ்வீட்டில் அது நம் நாவிலிருந்து புறப்பட்ட பொய்யேயன்றி, அத்தம்ளர் அன்று.

மேலும் முப்பத்திரண்டு உறுப்புத் தியானத்தை எண்ணுங்கள். முடி, நகம், பல், தோல் தொடங்கி, சளி, வியர்வை, எச்சில், சிறுநீர் ஈறாக உடலின் பகுதிகளை ஒவ்வொன்றாக மனத்திற் கொண்டு வருகின்றோம். இது பற்றறுக்கும் பயிற்சி என்பதை அனைவரும் அறிவர். சாதியறுக்கும் பயிற்சியும் இதுவே என்பதைப் பலர் எண்ணுவதில்லை. நம் வாயில் ஊறுவதும் எச்சிலே. அரசன், பார்ப்பனன், தோட்டி என்று எவனுடைய தோலைத் திறந்து பார்த்தாலும் உள்ளே இருக்கும் பட்டியல் ஒன்றே. தன் உடலைத் தூயது என்று கருதுபவனால்தான் பிறன் உடலை அழுக்கென்று கருத முடியும்.

பகவன் இதனைச் சொல்லால் மட்டும் விளக்கவில்லை. வாடிய மலர்க்குப்பையை வாரிச் சுமந்து பிழைத்த சுநீதரைத் தம் சங்கத்தில் ஏற்றுக்கொண்டார். அவர் தம் கதையைத் தாமே கூறுவது தேரகாதையில் உள்ளது. ஆனந்தரோ ஒரு கிணற்றடியில் சண்டாளப் பெண்ணிடம் நீர் கேட்டார். தன் குலத்தைச் சொல்லி அவள் தயங்கியபோது, குலத்தையன்றி நீரையே கேட்டதாகக் கூறினார். திவ்யாவதானத்தில் வரும் இக்கதையே மலையாளக் கவி குமாரன் ஆசானை 1922இல் சண்டாள பிக்ஷுகி பாடவும், இரவீந்திரநாத தாகூரை 1933இல் சண்டாளிகா எழுதவும் தூண்டியது. ஆனந்தர் நீரைக் கேட்டுப் பெற்றார். அவர் வழி வந்தவர் என்று சொல்லிக்கொள்ளும் நாமோ, தானே வந்த நீரை மறுத்தோம்.

6. இரண்டு ஐயங்கள்

முதல் ஐயம்: அவ்வாறாயின் தூய்மையே வேண்டாவா? வேண்டும். கை கழுவுவதும், நீரைக் காய்ச்சுவதும், நோயுற்றவரின் பாத்திரத்தைத் தனியே வைப்பதும் காரணம் அறிந்து செய்வன. காரணம் நீங்கினால் அவையும் நீங்கும். நோய் தீர்ந்தவர் பாத்திரம் மீண்டும் நம் பாத்திரத்தோடு சேரும். தீட்டுக்கு இவ்விலக்கணம் இல்லை. அது பிறப்போடு ஒட்டி, எவ்வளவு கழுவினாலும் போகாமல் நிற்பது. அருவருப்பு உடலுக்கு நல்ல காவலன். அவனை அறத்துக்கு நீதிபதியாக அமர்த்தலாகாது.

இரண்டாம் ஐயம்: நாட்டுக்கு நாடு அறம் வேறுபடுமாயின், இது சரி, இது தவறு என்று சொல்ல யாருக்கு உரிமை? இவ்வினாவைக் காலாமர் அன்றே பகவனிடம் கேட்டனர். வழிவழி வந்தது என்பதற்காகவோ, நூலில் உள்ளது என்பதற்காகவோ, சொல்பவர் பெரியவர் என்பதற்காகவோ ஏற்க வேண்டா. அது ஆசையையும் பகையையும் மயக்கத்தையும் வளர்க்கின்றதா, தனக்கும் பிறர்க்கும் துன்பம் தருகின்றதா என்று நீங்களே ஆராய்ந்து கொள்ளுங்கள் என்னும் கருத்தை அவர் உரைத்தார். வழக்கங்கள் பல, துன்பம் ஒன்றே. சிக்காகோவில் அடிபட்டவளும் புவனேசுவரத்தில் அடிபட்டவளும் ஒரே மொழியில் அழுகின்றனர். இவ்வளவுகோல் எந்நாட்டார் கையிலும் நிற்கும். நம் வழக்கங்களையும் அது விட்டுவைக்காது.

7. செய்யத்தக்கவை

1950 சனவரி 26இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. சட்டம் கையைத் தடுக்கும். வயிற்றுக்குள் சென்று குமட்டலைத் தடுக்காது. 1956இல் நாகபுரியில் நம் முன்னோர் ஏற்ற உறுதிமொழிகளும் தாமே உடலுக்குள் இறங்கிவிடா. பயிற்சியே அவற்றை இறக்கும்.

பௌத்த உளநூல் கூறும் வரிசையை நினைவிற் கொள்ளுங்கள்: முதலில் ஊறு, அடுத்து நுகர்ச்சி, அடுத்துக் குறிப்பு, அதாவது சஞ்ஞை, அதன்பின் மனத்தின் செய்கை. நீரின்மேல் "இன்னார் வீட்டு நீர்" என்னும் சீட்டு ஒட்டப்படுவது குறிப்பு என்னும் இடத்தில். அவ்விடத்தில் விழிப்பாயிருந்து மூன்று வினாக்களைக் கேளுங்கள். இதனால் என் உடலுக்கு உண்மையில் தீங்கு உண்டா? நான் விலகினால் எவர் நோவார்? இவ்வருவருப்பை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் யார்? இவற்றைக் கேட்ட மாத்திரத்தில் குமட்டல் மறைந்துவிடும் என்று எண்ண வேண்டா. அது இருக்கும்போதே கையை நீட்டுங்கள். குமட்டல் தோன்றுவது பழைய பயிற்சியின் பயன். அதற்குக் கீழ்ப்படிவதே இன்றைய வினை.

ஒரு திங்கள் கழித்து அக்குடியிருப்புக்கு மீண்டும் சென்றோம். அம்மூதாட்டியாரிடம், "அன்று தாகமில்லை என்று சொன்னது பொய், அம்மா, பொறுத்தருள வேண்டும்" என்றோம். பின்பு, நீங்கள் நாள்தோறும் குடிக்கும் தம்ளரிலேயே நீர் தாருங்கள் என்று கேட்டோம். அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே சென்று, விளிம்பு நசுங்கிய ஒரு தம்ளரில் நீர் கொண்டுவந்தார். வாயருகே கொண்டு செல்லும்போதும் அடிவயிறு சற்று அசைந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. குடித்தோம். "இன்னும் கொஞ்சம் தரட்டுங்களா, ஐயா?" என்றார். இரண்டாவது தம்ளரைக் குடித்தபோது அது நீராக மட்டுமே இருந்தது.

நம் சங்கத்துக் குடும்பங்களிலும் மணம் பேசும்போது, எந்தப் பிரிவு, எந்த ஊர் என்று தாழ்ந்த குரலில் கேட்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. சாதி ஒழியக் கலப்பு மணமே உண்மையான மருந்து என்று 1936இலேயே பாபாசாகேப் எழுதிவைத்தார். அத்தாழ்ந்த குரல் மனச்சான்றின் குரலன்று. அதனைக் கேட்கும்போதெல்லாம் மேற்சொன்ன மூன்று வினாக்களைக் கேளுங்கள்.

சங்கக் கூட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. உங்கள் வீட்டில் தூய்மை என்று வழங்குவனவற்றுள் சுகாதாரம் எது, தீட்டு எது? காரணம் கூறிப் பிரித்துக் காட்டுக.

2. நாணம், பழியச்சம் ஆகிய இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இரும்புக் கோல் உவமையால் விளக்குக.

3. நமக்குக் கீழே யாரையேனும் வைத்திருக்கிறோமா? அவர் வீட்டில் நாம் கடைசியாக உண்டது எப்பொழுது?

4. முப்பத்திரண்டு உறுப்புத் தியானம் சாதி உணர்வை எவ்வாறு தளர்த்துகின்றது?

மூன்றாம் வினாவுக்கு விடையை எழுதிக் காட்ட வேண்டா. சென்று உண்டு வாருங்கள்.

சாது! சாது! சாது!